சும்மா ஓடுறான், பயப்படாதீக

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, காலையில் சும்மா கொஞ்ச தூரம் ஓடினேன். ஒரு பட்டாசு கம்பெனியே காலியாகிவிட்டது.

மிகைப்படுத்தவில்லை. வெடிமருந்தை அப்படியே போட்டுவிட்டு, சோற்றுத் தூக்கைக்கூட எடுக்காமல், ஆணும் பெண்ணுமாக அத்தனை பேரும் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். எல்லாம் என் ஒருவனின் ஓட்டத்தைப் பார்த்துத்தான். சிங்கப்பூரில் மூன்று வருஷமாக ஓடுகிறேன்... ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் இடுப்பளவு பற்றித் தெரியும். அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து சிங்கப்பூர் வந்தபோது இருந்த இடுப்பு வேறு. ஏசி ரூமில் சூப்பர்வைசராக உட்கார்ந்த பிறகு வந்த இடுப்பு வேறு. டாக்டர் நடக்கச் சொன்னார். நான் ஆர்வக்கோளாறில் ஓட ஆரம்பித்தேன். என்னைப் போலவே இடுப்பு பெருத்த தமிழர்கள் நாலைந்து பேர் பூங்காவில் சிக்கினார்கள். அவ்வளவுதான், கிளப் ஆகிவிட்டது.

கிளப் என்றால் ஒரே மாதிரி டி-ஷர்ட் வேண்டுமே? அடித்தோம். இன்டர்நெட்டில் ஒரு கம்யூனிட்டி வேண்டுமே? இப்போது ஊர் உலகமெல்லாம் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு திரியும் அந்த வலைத்தளத்தில் அதையும் ஆரம்பித்தோம். உண்மையைச் சொல்கிறேன் — ஓடும் நேரத்தைவிட, ஓடியதைப் பற்றி அங்கே எழுதும் நேரம்தான் எங்களுக்கு அதிகம். ஒருவர் மூட்டுவலி பற்றி எழுதுவார். பதினாறு பேர் மருந்து சொல்வார்கள். பதினாறு பேருக்கும் மூட்டுவலி இருக்கும்.

இந்த வருஷம் எங்கள் கேப்டனுக்கு ஒரு யோசனை. கும்பகோணத்துக்காரர், பேங்க் வேலை, எதையும் ரூல்ஸ் போட்டுத்தான் செய்வார். ஒரு மாதம் முழுக்க, ஒருநாள்கூட விடாமல் ஓட வேண்டும். ஓடும்போதே ஒரு போட்டோ எடுத்து அன்றைக்கே கம்யூனிட்டியில் போட வேண்டும். ஒருநாள் தவறினாலும் அவுட். தவறாதவர்கள் மட்டும் வருஷக் கடைசியில் கம்போடியா போய், அங்கே நடக்கும் ஒரு பந்தயத்தில் கிளப் பெயரில் ஓடலாம்.

எனக்குப் பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேயில் கிடைத்த ஒரே பொறுப்பு, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது. அப்படிப்பட்டவன் ஒரு டீமில், அதுவும் வெளிநாட்டில், முதுகில் நம்பர் ஒட்டிக்கொண்டு... ஆசை வராதா? வந்தது. வெறியாகவே வந்தது.

மாதத்தின் நடுவில் அக்காவிடமிருந்து போன். மகளுக்குச் சடங்கு வைத்திருக்கிறார்களாம். தாய்மாமன் இல்லாமல் சடங்கு ஏது? ஷூவை முதலில் பெட்டியில் வைத்தேன். சீர்ப் பட்டுப் பாவாடையை அதன் மேல் வைத்தேன். மனைவி அதை மாற்றி அடுக்கினாள்.

எங்கள் ஊர் தாயில்பட்டிக்குப் பக்கம். ஒரு காலத்தில் காடு கழனி வேலைக்குப் போன குடும்பங்கள் எல்லாம் இப்போது பட்டாசு கம்பெனிக்குத்தான் போகின்றன. அக்காவும் அத்தானும் அப்படித்தான். ஆனால் ஒரே கம்பெனியில் இல்லை. ஊரை ஒட்டியது அக்காவின் கம்பெனி. அதே ரோட்டில் இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி அத்தானின் கம்பெனி. இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலைக்குச் சேரக் கூடாது என்பது கல்யாணமான புதிதிலேயே எடுத்த முடிவு. பிள்ளைகளுக்கு ஒருத்தராவது மிஞ்ச வேண்டும் அல்லவா? எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் அப்படித்தான். இதை யாரும் பெரிய விஷயமாகப் பேசுவதில்லை.

ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை. இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு, நிதானமாக இட்லி சாப்பிட்டு, எட்டரை மணி வெயிலில் கிளம்பினேன். அரை டவுசர், கிளப்பின் சிவப்பு டி-ஷர்ட், காதில் பாட்டு. வெயிலில் கருத்துவிடக் கூடாது என்று மனைவி ஒரு கிரீம் கொடுத்துவிட்டிருந்தாள். கெட்டியான வெள்ளை கிரீம். முகத்திலும் கைகளிலும் தாராளமாக அப்பிக்கொண்டேன். கருப்பாகவே பிறந்தவன் இன்னும் என்ன கருத்துவிடப் போகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பதில் வரவில்லை.

போகும்போது வார்ம்-அப்புக்காக நடந்தேன். நடக்கிறவனை யாரும் கண்டுகொள்ளவில்லை. அத்தானின் கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு வேப்பமரம். அதைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்கினேன். பிறகு திரும்பி, ஊரைப் பார்த்து ஓட ஆரம்பித்தேன்.

இங்கேதான் ஒரு விஷயத்தை மறந்துபோனேன். இந்த ரோட்டிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு மறக்கக் கூடாத விஷயம். எங்கள் பக்கம் எந்த மனுஷனும் காரணமில்லாமல் ஓட மாட்டான். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டான், கை காட்டுவான், பஸ் நிற்கும். கம்பெனிப் பக்கத்திலிருந்து ஒருத்தன் ஓடி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேலைக்குப் போகிறவர்களின் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் போன் வருவதற்கு முன்பே ஆள் ஓடி வந்துதான் சேதி தெரியும்.

அதிலும் நான் வந்த கோலம்! கிரீம் வேர்வையில் கரைந்து, ரோட்டுப் புழுதியோடு சேர்ந்து, முகமும் கையும் சாம்பல் நிறத்தில் மினுமினுக்கின்றன. அலுமினியப் பொடியில் வேலை செய்கிறவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும். மருந்து ரூமிலிருந்து பாதித் துணியோடு தப்பி வந்தவன் என்று நினைக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

வழியில் டீக்கடை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து என்னவோ கேட்டார்கள். "எங்கனலே? எந்தக் கம்பெனி?" என்று கேட்டார்களாம். என் காதில் பாட்டு. உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து, சிங்கப்பூர் வழக்கப்படி கையை உயர்த்தி ஆட்டினேன். கை பின்பக்கம் அத்தானின் கம்பெனியைக் காட்டியதாகவும், போங்க போங்க என்று நான் விரட்டியதாகவும் பிறகு சொன்னார்கள். டீக்கடை காலி. வெடிச் சத்தம் கேட்டதாகவே சத்தியம் செய்யத் தயாராக மூன்று பேர் இருந்தார்களாம்.

அக்காவின் கம்பெனி வாட்ச்மேன் என்னைத் தூரத்திலேயே பார்த்து விசில் ஊதிவிட்டார். நான் அங்கே வந்து சேர்வதற்குள் கேட்டுக்கு வெளியே ஒரே கூட்டம். எல்லோரும் ஊர்ப்பக்கம் ஓடுகிறார்கள்... திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறார்கள்.

என்னோடு சேர்ந்து ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஊர்ப் பாசம் என்றால் இதுதான் என்று பூரித்துப்போனேன். டவுசர் பையிலிருந்து கேமராவை எடுத்து ஒரு போட்டோ எடுத்தேன்.

கேமராவை உள்ளே வைக்கும்போதுதான் பார்த்தேன். அத்தனை பேரும் ஒரு பக்கம் ஓட, ஒரே ஒரு பெண் மட்டும் எதிர்த்திசையில் என்னை நோக்கி வருகிறாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு. அக்கா.

"அக்கா!" என்றேன். பக்கத்தில் வந்தாள், தாண்டினாள், போய்விட்டாள். என் முகத்தைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. அவள் பார்வை எனக்குப் பின்னால், ரோட்டுக் கடைசியில் இருந்தது.

காதிலிருந்து வயரைப் பிடுங்கினேன். அப்போதுதான் கூட்டத்தின் சத்தம் கேட்டது. திரும்பி அக்காவின் பின்னால் ஓடினேன். நில்லுங்க, ஒண்ணுமில்ல என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவளை நெருங்கவே முடியவில்லை. அடியில் ஜெல் வைத்த ஷூ போட்டவன் நான். அக்கா சரளைக்கல் ரோட்டில் வெறுங்காலோடு. இடைவெளி கூடிக்கொண்டேதான் போனது.

அத்தானின் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அக்கா வந்து நின்றதைப் பார்த்து அவர் உள்ளே குரல் கொடுக்க, அத்தான் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அக்கா அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னை இப்போதுதான் பார்த்தாள்.

"பெறகால யாருலே வெரட்டுனா?"

யாரும் விரட்டவில்லை, சும்மா ஓடினேன் என்றேன்.

"சும்மாவா?" என்றாள்.

வாட்ச்மேன் தன் பங்குக்குச் சாட்சி சொன்னார். நான் வேப்பமரத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிப் பார்த்ததாகவும், அது நகராததால் ஓடிப்போனதாகவும் அவர் நினைத்தாராம்.

அன்றைக்கு மதியம் வரை அக்காவின் கம்பெனியில் யாரும் வேலையில் உட்காரவில்லை. கலந்து வைத்திருந்த மருந்து அப்படியே கிடந்தால் ஆபத்து என்று, அதைக் கொண்டுபோய் அழிக்க வேண்டியதாயிற்று. சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடக்கிறது. போர்மேன் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தபோது, என்னால் அக்காவுக்கு வேலை போகப்போகிறது என்றே நினைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

போர்மேன் நல்ல மனுஷன். கோபப்படவில்லை. அவருக்கு இருந்தது சந்தேகம் மட்டும்தான். உடம்புக்காகத்தான் என்றால் நடக்கக் கூடாதா? சைக்கிள் மிதிக்கக் கூடாதா? ஓடியே ஆகணும் என்று யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா? நான் கம்போடியாவைப் பற்றி விளக்கினேன். ஓடுவதற்காகக் காசு செலவழித்து இன்னொரு நாட்டுக்குப் போவது பற்றி அவர் ரொம்ப நேரம் யோசித்தார்.

"ஓடுங்க, வேணாங்கல. ஆனா சொல்லிட்டு ஓடுங்க" என்றார் கடைசியில்.

எப்படிச் சொல்வது? அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். மறுநாளிலிருந்து அத்தான் வேலைக்குப் போகும் நேரத்துக்கே நானும் ஓட வேண்டும். அத்தான் தன் மொபெட்டில் எனக்கு முன்னால் போக வேண்டும். போய்க்கொண்டே, ரோட்டில் பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்ல வேண்டும்.

அத்தான் சொன்னார். "எம் மச்சினன்தான்... சும்மா ஓடுறான், பயப்படாதீக... சும்மாதான் ஓடுறான்..."

மானம் போவது என்றால் என்ன என்று தெரிய வேண்டுமா? உங்களுக்கு முன்னால் ஒரு மொபெட் போய், நீங்கள் செய்யும் காரியத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை என்று ஊர் முழுக்க அறிவித்துக்கொண்டே போக வேண்டும். டீக்கடையில் எழுந்து நின்று பார்த்தார்கள். திரி உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு அம்மா அத்தானிடம், தம்பிக்கு எம்புட்டு நாளா இப்படி என்று அக்கறையாக விசாரித்தார்.

ஆனால் கம்யூனிட்டியில் என் கதையே வேறு. சாத்தூருக்குப் பஸ் ஏறிப்போய், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அந்த முதல் நாள் போட்டோவைப் போட்டேன். ஊரே ஓடுகிற போட்டோ. 'என் மண், என் மக்கள்' என்று தலைப்பு. கமெண்ட் குவிந்தது. கிராமத்தில் இவ்வளவு விளையாட்டு ஆர்வமா என்று ஒருவர். கண் கலங்கிவிட்டது என்று இன்னொருவர். அடுத்த நாள் மொபெட் போட்டோ. பைலட் வண்டியோடு ஓடும் முதல் உறுப்பினர் என்று கேப்டனே எழுதினார். நான் எதையும் மறுக்கவில்லை. மறுத்தால் பதினாறு பேருக்கும் விளக்க வேண்டும், ஊர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மூன்றாம் நாள் சிரிப்பு குறைந்தது. அதற்கடுத்த நாள் அத்தானின் மொபெட் பஞ்சர். பரவாயில்லை என்று தனியாகவே ஓடினேன். டீக்கடையில் ஒருத்தரும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அக்காவின் கம்பெனி வாட்ச்மேன் கொட்டாவி விட்டார். சிங்கப்பூர் மாதிரியே ஆகிவிட்டது. ஒரு வட்டாரத்தின் விளையாட்டு மனப்பான்மையை நான்கே நாளில் மாற்றிவிட்டதாக எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை வைத்து ஒரு பத்தி எழுதலாம் என்றுகூட மனசுக்குள் முதல் வரி ஓடியது.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த அக்கா, கையைக் கழுவிவிட்டு என் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்படி என்னதான் ஓடுறீக, காட்டு என்றாள்.

முதலில் ஊர் போட்டோவைக் காட்டினேன். கமெண்ட் பற்றி நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை, முகங்களைப் பார்த்தாள். ஒவ்வொருத்தராக விரல் வைத்தாள். இவள் ஸ்கூலுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்கணும் என்று ஓடியவள். இவன், தம்பியை இதே மாதிரி ஊரே ஓடிய ஒரு நாளில் பறிகொடுத்தவன். இந்தப் பெண் அன்றைக்கு ஓடி விழுந்து முழங்கால் பெயர்ந்து, இன்னும் வேலைக்கு வரவில்லை. என் மண், என் மக்கள். எனக்கு லேப்டாப்பை மூடிவிடத் தோன்றியது.

பேச்சை மாற்ற, போன வருஷம் நாங்கள் ஓடிய பந்தயத்தின் வீடியோவைப் போட்டேன். துப்பாக்கி வெடிக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் ஓட ஆரம்பிக்கிறார்கள். அக்காவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

"எங்கன வெடிச்சுது?"

எங்கும் இல்லை அக்கா, ஓடச் சொல்லி அதுதான் சிக்னல் என்றேன். ஓடி முடித்தால் வாழைப்பழமும் டி-ஷர்ட்டும் கொடுப்பார்கள் என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு வெள்ளைக்காரி பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகாமலே இம்புட்டுப் பேரு ஓடுறாகளா? நல்லா இருக்குலே" என்றாள்.

எழுந்து அடுப்படிக்குப் போனவள் நிலைப்படியில் நின்றாள்.

"அங்கன ஓடு தம்பி. இங்கன வேணாம்."

இப்போதுதான் யாரும் பயப்படுவதில்லையே, எல்லோருக்கும் பழகிவிட்டதே என்றேன்.

"அதான்லே. இன்னைக்கு நீ கேட்டுக்கு நேரா ஓடுனே. நானும் பார்த்தேன். மறுபடி குனிஞ்சு வேலையப் பார்த்தேன். நாளைக்கு நெசமாவே ஒருத்தன் ஓடி வருவான். அவனையும் நீன்னு நெனச்சு உக்காந்திருவேன்."

வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. இந்த ரோட்டில் ஓட்டம் என்பது ஒரு எச்சரிக்கை மணி. நான் வந்து, போட்டோவுக்காக, நான்கு நாள் அதைச் சும்மா அடித்து விளையாடியிருக்கிறேன்.

மறுநாள் நான் ஓடவில்லை. அதற்கு மறுநாளும் ஓடவில்லை. சடங்கு வீட்டில் பந்தல் கட்டினேன், வாழைமரம் தூக்கினேன், தாய்மாமனாகத் தலைப்பாகையோடு மனையில் உட்கார்ந்தேன். போர்மேன் விசேஷத்துக்கு வந்திருந்தார். உடம்பு இப்ப தேவலையா என்று கேட்டார். சரியாகிவிட்டது என்றேன்.

சிங்கப்பூர் திரும்பி வந்து பார்த்தால், கம்யூனிட்டியில் கேப்டன் இரண்டே வார்த்தை எழுதியிருந்தார். 'யூ ஆர் அவுட்' என்று தமிழில் எழுதினால் மூன்றாகிவிடும் என்று 'அவுட், வருந்துகிறோம்' என்று எழுதியிருந்தார். ஊர் போட்டோவை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தீர்கள், அருமையான போட்டோ ஆயிற்றே என்று பலர் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஒருவரும் கமெண்ட் போடவில்லை. கேப்டன் மட்டும் தனியாக போன் செய்து, அக்காவுக்கு இப்போது கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சரளைக்கல்லில் வெறுங்காலோடு ஓடியவளின் காலைப் பற்றி நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கே போன் போட்டுக் கேட்டேன். "ரெண்டு முள்ளுதான், எடுத்தாச்சு" என்றாள்.

கம்போடியா டீமில் நான் இல்லை. வருத்தம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கிளப்பை விட்டுப் போய்விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு சின்னப் பந்தயம். நம்பர் ஒட்டிக்கொண்டு, கிரீம் பூசாமல் போய் நின்றேன்.

துப்பாக்கி வெடித்தது. எல்லோரும் ஓடினார்கள். நான் மட்டும் நின்ற இடத்திலேயே திரும்பி, புகை எங்கன என்று பார்த்தேன்.